மார்க் போடுவது யார்?

(விருதுநகரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘நிதி உதவித் திட்டங்களும் தலித் மக்களும்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கவிதை எழுதுகிற ஆளை இதற்கு ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “கவிதைக்காகக் கூப்பிடல தோழர். பேங்க்ல கிளார்க்கா இருக்கீங்கள்ல, கணக்குப் பாக்கத் தெரிஞ்ச ஆளு பேசட்டும்” என்றார் அழைத்த தோழர். சரி, கணக்கே பேசுவோம்.

என்.ஜி.ஓ. என்ற பேச்சை எடுத்தாலே நம் பக்கத்தில் இரண்டு பாட்டுத்தான் கேட்கும். ஒன்று, “எல்லாம் ஏகாதிபத்தியத்தின் ஏற்பாடு, போராடப் போற பையனுக்குச் சம்பளம் குடுத்து உக்கார வச்சிட்டான்” என்பது. பிரகாஷ் காரத் 1984இலேயே இதைக் கட்சியின் ஏட்டில் விரிவாக எழுதினார். 1988இல் அது நூலாகவும் வந்தது. இன்னொன்று, “அவங்களாவது சேரிக்குள்ள வந்தாங்களே, எந்தக் கட்சிக்காரன் வந்தான்?” என்பது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பாட்டையும் பாடுகிறவர்கள் ஒரு வேலையை மட்டும் செய்வதில்லை. நம்மைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையை எடுத்து வாசிப்பதில்லை.

ஒரு திட்டம் பாதி முடிந்ததும் ஒரு மதிப்பீடு, முழுக்க முடிந்ததும் ஒரு மதிப்பீடு நடக்கும். ‘சுயேச்சையான மதிப்பீடு’ என்று அதற்குப் பெயர். நான் கேட்க வந்தது இரண்டே கேள்வி. யாரிடமிருந்து சுயேச்சை? யாருக்குப் பதில் சொல்கிற சுயேச்சை?

இந்த அரங்கில் தொண்டு நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிற தோழர்களும் இருக்கிறீர்கள். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்தப் பேச்சு இல்லை. உங்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை உங்களை வைத்துக்கொண்டே பேச வேண்டும் என்று நினைத்தேன்.

* * *

நம் மாவட்டத்துக்குத் திட்டங்கள் புதிதல்ல. 1981இல் ஒரு பட்டாசு ஆலையில் வெடித்து 32 பேர் செத்தார்கள். அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. 1983இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் சிவகாசித் தீப்பெட்டிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது வெளியுலகத்தின் கண்ணில் பட்டது. விடியக் கருக்கலில் ஊருக்குள் வரும் ஆபீஸ் வண்டி, தூக்கத்தோடு தூக்கமாக ஏற்றப்படும் பிள்ளைகள், பொழுது சாய்ந்து திரும்பும் வண்டி. இதெல்லாம் நமக்குக் கட்டுரை படித்துத் தெரிந்ததல்ல, நம் அக்காமார் சொல்லித் தெரிந்தது. ‘தீப்பெட்டி ஆபீஸ்’, ‘வேட்டாபீஸ்’ என்று நம் ஊரில் சொல்கிறோம். ஆபீசுக்குப் போகிற பிள்ளைகள் கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், திரி வைத்தார்கள்.

அப்புறம் வரிசையாக வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1987இல் தேசியக் கொள்கை, அடுத்த வருடமே தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம். அதன் தொடக்கக் களங்களில் சிவகாசியும் ஒன்று. 1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ படத்தை எடுத்தார். 1996 டிசம்பர் 10 அன்று, எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். ஆறு மாதத்தில் கணக்கெடுக்க வேண்டும்.

2004இல் ‘இண்டஸ்’ களத்தில் இறங்கியது. இந்தியத் தொழிலாளர் அமைச்சகமும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் ஆளுக்கு 2 கோடி டாலர் போட்ட திட்டம். நடத்தியது அய்.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. தமிழ்நாட்டில் அய்ந்து மாவட்டங்கள், அதில் விருதுநகர் ஒன்று. ஆபத்தான பத்துத் தொழில்களில் தீப்பெட்டியும் பட்டாசும் அடக்கம். மொத்தத்தில் 80,000 பிள்ளைகள் என்பது குறி. திட்டம் முடியும்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டதாகக் கணக்கு முடித்தார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். இந்த வகைத் திட்டங்களில் பிள்ளைகளை இரண்டு தலைப்பில் எண்ணுவார்கள். ‘வேலையிலிருந்து மீட்கப்பட்டவர்’ ஒன்று, ‘வேலைக்குப் போகாமல் தடுக்கப்பட்டவர்’ இன்னொன்று. மீட்கப்பட்ட பிள்ளை சரி, நேற்று ஆபீசில் இருந்தது, இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தடுக்கப்பட்ட பிள்ளை யார்? இன்னும் வேலைக்கே போகாத பிள்ளை. அது போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் பதிவேட்டில் அது ஒரு ஆள். நான் பொய்க் கணக்கு என்று சொல்லவில்லை. பிள்ளை வேலைக்குப் போகுமுன் தடுப்பது நல்ல காரியம். அந்தப் பிள்ளையை எண்ணுகிற அதிகாரம் திட்டத்தை நடத்துகிறவன் கையில் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

* * *

மதிப்பீடு எப்படி நடக்கிறது? பணம் கொடுக்கிற நிறுவனமும் திட்டத்தை நடத்துகிற நிறுவனமும் சேர்ந்து கேள்விகளை எழுதுகின்றன. வெளியாள் ஒருவரை ஆலோசகராக அமர்த்துகின்றன. அவருக்குக் கூலி திட்டத்தின் பணத்திலிருந்தே போகும். அவர் சில நாள் களத்துக்கு வருவார். வரைவறிக்கை முதலில் இவர்கள் இரண்டு பேருக்கும் போகும். இவர்கள் கருத்துச் சொன்ன பிறகு இறுதியாகும். அய்.எல்.ஓ. போன்ற இடங்களில் கொஞ்சம் மேல், மதிப்பீட்டைக் கவனிப்பதற்கென்று தனிப் பிரிவு உண்டு, அறிக்கையை வெளியிடவும் செய்கிறார்கள். அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தப் பிரிவும் அதே வீட்டின் இன்னொரு அறைதான். அறிக்கை இங்கிலீஷில்தான் இருக்கும்.

பணக்கார நாடுகளின் உதவிக் குழு ஒன்று 1991இல் அய்ந்து அளவுகோல்களை வகுத்தது. திட்டம் தேவையானதுதானா, குறிக்கோளை எட்டியதா, செலவுக்கு ஏற்ற வேலை நடந்ததா, வாழ்க்கையில் என்ன மாறியது, பணம் நின்ற பிறகும் நிற்குமா? 2019இல் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள், மற்ற திட்டங்களோடு ஒத்துப்போகிறதா என்று. உலகம் முழுக்க இதுதான் அளவுகோல். நல்ல கேள்விகள்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கேள்விக்கும் பதிலை யாரிடம் கேட்பது என்பது அந்தக் கேள்விக்குள் இல்லை.

எங்கள் பக்கத்து ஊர்ச் சேரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். வெள்ளை வண்டி ஒன்று வந்தது. முந்தின நாளே தகவல் சொல்லி, பிள்ளைகளைத் தலை சீவி உட்கார வைத்திருந்தார்கள். வந்தவர் வடக்கத்திக்காரர், நல்ல மனுசர். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு அம்மாவிடம், “பிள்ளை பள்ளிக்கூடம் போறதுல என்ன மாற்றம்?” என்று கேட்டார். மொழிபெயர்த்தவர் அந்தத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். அந்த அம்மா சொன்னது இது:

“சந்தோசந்தான்யா. எம்புள்ள எழுத்துக் கூட்டிப் படிக்குது. ஆனா அது கொண்டாந்த காசுக்கு நாந்தான் இப்பக் கூட உக்காந்து பெட்டி ஒட்டுறேன். ராத்திரி பன்னெண்டு ஆயிருது. அதுவும் பள்ளிக்கொடம் விட்டு வந்து எங்கூடத்தான் ஒட்டுது. ஆபீஸ்ல வாங்குன அட்வான்சு அப்பிடியே நிக்குது. அதக் கழிக்காம வேற ஆபீசுக்கும் போக முடியாது. அதுக்கு என்னமும் வழி சொல்லுங்கய்யா.”

ஒருங்கிணைப்பாளர் இங்கிலீஷில் ஒரே வரியில் சொன்னார், தன் மகள் பள்ளிக்குப் போவதில் இந்தத் தாய்க்கு மிகுந்த மகிழ்ச்சி என்று. வந்தவர் சிரித்து, தலையாட்டி எழுதிக்கொண்டார். பொய் என்று சொல்ல முடியாது, அந்த அம்மா சந்தோசம் என்றுதானே ஆரம்பித்தது. மற்றதெல்லாம் தரையிலேயே கிடந்தது. வீட்டு வேலை, அட்வான்ஸ் கட்டு, ராத்திரி உழைப்பு மூன்றும் அந்த ஒரு வரியில் காணாமல் போய்விட்டன.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வண்டி போன பிறகு, பேசாமல் இருந்த ஒரு பாட்டியிடம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். “நாம குத்தம் சொன்னா ஸ்கூல மூடிட்டுப் போயிருவான்யா” என்றது. ஆக மறைக்கிறது நிறுவனம் மட்டுமல்ல, சேரியும் மறைக்கிறது. உண்மையைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் என்றால் எவன் உண்மையைச் சொல்வான்?

* * *

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். எங்கள் கிளைக்கு இன்ஸ்பெக்ஷன் வரும். இன்ஸ்பெக்டரை அமர்த்துவது மேனேஜர் இல்லை. எந்த லெட்ஜரை எடுப்பது, எந்தக் கடன்காரர் வீட்டுக்குப் போவது என்பதை வந்தவரே முடிவு செய்வார். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சுயேச்சை என்றால் குறைந்தபட்சம் இதுவாவது வேண்டும்.

அப்படி இருந்தும் வங்கிகளே பல வருடம் நாட்டை ஏமாற்றின. எப்படி? கடன் வாங்கினவன் வட்டி கட்டியிருக்க மாட்டான். ஆனால் வங்கி, வர வேண்டிய வட்டி என்று எழுதி, அதையே வருமானமாகக் காட்டி லாபம் சொல்லும். 1991இல் நரசிம்மம் கமிட்டி இதைச் சுட்டிக்காட்டியது. அந்தக் கமிட்டியின் மற்ற சிபாரிசுகளோடு எங்கள் சங்கங்கள் மல்லுக்கு நின்றது வேறு கதை. 1992-93 கணக்கிலிருந்து ரிசர்வ் வங்கி ஒரு விதியைக் கொண்டுவந்தது: வாராக் கடனில் கைக்கு வராத வட்டியை வருமானமாக எழுதக் கூடாது. அவ்வளவுதான். லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்த பல அரசு வங்கிகள் உடனே நஷ்டம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் திட்டக் கணக்குகளில் பள்ளியில் சேர்த்ததாகக் காட்டும் எண்ணிக்கை இந்த வராத வட்டி மாதிரிதான். சேர்த்த அன்றே வெற்றி என்று வரவு வைக்கிறார்கள். அந்தப் பிள்ளை எட்டாவது தாண்டியதா? பத்தாவது எழுதியதா? இல்லை, ஒரு வருடத்தில் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியதா? கைக்கு வந்தது அதுதான். ஸ்பெஷல் ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் மாதம் 100 ரூபாய் உதவித்தொகை இருந்தது, பிறகு கூட்டினார்கள். அது பிள்ளையின் பெயரில் கணக்கில் போடப்படும். எந்த மாதத்தோடு அந்த வரவு நின்றது, அதன்பின் பிள்ளை எங்கே போனது என்று பின்தொடர்ந்தாலே பாதி மதிப்பீடு முடிந்துவிடும். என் கவுண்டர் பக்கம் அப்படி ஒரு கேள்வியோடு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

1995இல் ஒரு பிள்ளைக்குப் பத்து வயது, ஸ்பெஷல் ஸ்கூலில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012இல் அதற்கு 27 வயது, மருந்து அறையில் நிற்கிற வயது. அந்த வருடம் செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் வெடித்து 38 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். பத்து வயதில் காப்பாற்றிய பிள்ளை இருபத்தேழு வயதில் எங்கே நின்றது என்று எந்தத் திட்டம் திரும்பிப் பார்த்தது? குழந்தையை ஆபீசிலிருந்து எடுப்பது மட்டும்தான் திட்டம். ஆபீசை மாற்றுவது யாருடைய திட்டத்திலும் இல்லை. கூலி, அட்வான்ஸ், உள்குத்தகைக்கு விட்ட ஷெட், ஒரே அறையில் அளவுக்கு மேல் ஆள், இவற்றுக்கு எந்தப் படிவத்திலாவது கட்டம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். இன்று ஆபீஸ் வண்டியில் பத்து வயதுப் பிள்ளையை ஏற்றிப் போவதை நாம் பார்ப்பதில்லை. அது பெரிய மாற்றம். ஆனால் யாரால் வந்தது? சட்டமும் சோதனையும் ஒரு காரணம். தீப்பெட்டித் தொழிலில் மிஷின் வந்தது ஒரு காரணம். இந்த ஊரில் பிறந்த காமராசர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய மதிய உணவு ஒரு காரணம். பஸ் பாஸ், 2006க்குப் பிறகு வந்த நூறு நாள் வேலை, எல்லாவற்றுக்கும் மேலாக, “நாம கெட்டது போதும், இது படிக்கட்டும்” என்று பட்டினி கிடந்த தாய்மார்கள். ஆனால் ஒவ்வொரு திட்ட அறிக்கையும் இந்த மொத்த மாற்றத்தையும் தன் பெயரில் எழுதிக்கொள்ளத் துடிக்கிறது. அந்தத் தாய்மாருக்கு எந்த அறிக்கையும் மார்க் போடவில்லை.

அப்புறம் சாதி. நம்மைக் குறிக்க இந்த அறிக்கை மொழியில் எத்தனை சொற்கள்! நலிந்த பிரிவினர், விளிம்பு நிலையினர், பயனாளிகள், இலக்கு மக்கள். பள்ளர், பறையர், சக்கிலியர் என்று சொல்ல மட்டும் கூச்சம். இதே மாவட்டத்தில் 1997இல் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்குக் கலவரம் நடந்தது. அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கடைசியில் தமிழ்நாடு முழுக்க மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். ஒரு பெயர்ப்பலகையைக்கூடத் தாங்காத மண்ணில், சாதிக் கட்டமே இல்லாத படிவத்தை வைத்துக்கொண்டு எதை அளப்பீர்கள்? எந்தத் தெருப் பிள்ளை முதலில் பள்ளியை விட்டு நிற்கிறது? யார் பிள்ளைக்கு மருந்து வேலை, யார் பிள்ளைக்குக் கணக்கெழுதும் வேலை? நிறுவனத்துக்குள்ளேயே இயக்குநர் நாற்காலியில் யார், சேரிக்கு நடக்கிற களப்பணியாளர் யார்? இதையெல்லாம் கேட்காத மதிப்பீடு சுயேச்சையானது அல்ல. அது சாதிக்குக் கட்டுப்பட்டது.

* * *

“அப்போ அரசாங்கமே வந்து சோதிக்கட்டும்” என்று யாராவது சொல்லலாம். கவனம் தேவை, தோழர்களே. வெளிநாட்டு நிதிச் சட்டம் முதலில் வந்தது 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில். காந்திய அமைப்புகள் ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு நின்றன என்பதற்காக, இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் 1982இல் குடால் கமிஷனைப் போட்டு வருடக்கணக்கில் குடைந்தார்கள். 2010இல் நிதிச் சட்டத்தைப் புதுப்பித்தார்கள், 2020இல் இன்னும் இறுக்கினார்கள். இப்போது வெளிநாட்டுப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது. இதில் அடிபட்டது யார்? மாடி வைத்த அலுவலகங்கள் எப்படியாவது தாக்குப் பிடிக்கும். பெரிய நிறுவனத்திடமிருந்து சின்னத் தொகை வாங்கி வன்கொடுமை வழக்குக்கு அலைந்த கிராமத்துத் தலித் அமைப்புகள்தான் அடிபட்டன. 2022இல் உள்துறை அமைச்சகம் நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளைத் தன் தளத்திலிருந்து எடுத்தேவிட்டது. ஆக அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும், சேரிக்கு ஒன்றும் தெரியாது. இது கண்காணிப்பு, மதிப்பீடு அல்ல. நாம் கேட்கிற கணக்கை அவர்கள் கையில் கோலாகக் கொடுக்கக் கூடாது.

நமக்கு வழிகாட்டி வேறு. உதவி வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீட்டை எப்படி எழுதுவது என்று அம்பேத்கர் காட்டியிருக்கிறார். 1932இல் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு தீண்டாமை ஒழிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் பிறகு அரிசன சேவா சங்கம் ஆனது. பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். அம்பேத்கர் அந்த நவம்பரில் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதே தக்கருக்குக் கடிதம் எழுதினார். கிணறு, தெரு, பள்ளி இவற்றில் சம உரிமைக்குப் போராடுங்கள், வேலைவாய்ப்பில் சமத்துவம் கேளுங்கள், ஊழியர்களை ஒடுக்கப்பட்டவர்களிடமிருந்தே எடுங்கள் என்பது அதன் சாரம். பதிலே வரவில்லை. 1945இல் ‘காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன?’ என்ற நூலை எழுதினார். அதில் திலகர் சுயராச்சிய நிதியிலிருந்து சேவா சங்கம் வரை வரவு செலவை எடுத்து வைத்தார். எவ்வளவு வசூலித்தாய், எங்களுக்கு எவ்வளவு செலவழித்தாய், நிர்வாகத்தில் எங்கள் ஆள் எத்தனை பேர் என்று கேட்டார். இது தீண்டாமைக்குச் சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், அதனால் நிர்வாகமும் அவர்களிடமே இருக்க வேண்டும் என்பது காந்தியின் வாதம். அதாவது கடன்பட்டவனே கணக்கெழுதுவான். இன்றைக்குக் கடன்பட்டவனுக்குப் பதில் கொடையாளி வந்திருக்கிறார், நோட்டு இன்னும் நம் கைக்கு வரவில்லை.

இதே ஊரில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இன்று ஆலை வைத்திருக்கும் நாடார்களும் ஒரு காலத்தில் அடிவாங்கியவர்கள். 1899இல் சிவகாசிக் கலவரத்தில் அவர்கள் வீடுகள் எரிந்தன. அவர்கள் எழுந்தது எதனால்? உறவின்முறை, மகமை. வியாபாரத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது 1889இல். அந்தப் பணம் சொந்தப் பணம், கணக்குக் காட்ட வேண்டியது உறவின்முறைக்கு. அந்தப் பணம் சாதிக்குள் நின்றது, அவர்கள் ஆபீசில் நம் பிள்ளைகள் வெந்தன என்பதை நான் மறக்கவில்லை. நமக்கு வியாபாரமும் இல்லை, மகமை வைக்கக் கூலியில் மிச்சமும் இல்லை. அதனால்தான் வெளிப்பணம் வருகிறது. ஆனால் பணம் எங்கிருந்து வந்தாலும் கணக்கு யாருக்குப் போக வேண்டும் என்பதை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை.

* * *

என்ன செய்யலாம்?

1994 டிசம்பரில் ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஒரு பொது விசாரணை நடத்தியது. பஞ்சாயத்தின் செலவுச் சீட்டுகளைக் கூலிக்காரர்கள் முன்னால் உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவன் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செங்கல் என்று எல்லாம் வெளியே வந்தது. அந்த வழியில்தான் 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையும் அப்படி வந்ததுதான். 2011இல் போட்ட விதிப்படி, தணிக்கைக்கு வருகிறவர் அதே பஞ்சாயத்து ஆளாக இருக்கக் கூடாது. வேலையை நடத்துகிறவன் தணிக்கையில் தலையிடக் கூடாது. நூறு நாள் வேலையில் மண் அள்ளிய பெண்ணுக்குக் கணக்குக் கேட்க வழி உண்டு. கோடி டாலர் திட்டத்தின் ‘பயனாளி’க்கு இல்லை. இதே முறையை அங்கேயும் கேட்போம்.

ஆனால் கிராம சபை என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. கொட்டக்கச்சியேந்தல் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு சேர்த்து அங்கேயும் 1996 முதல் 2006 வரை பத்து வருடம் தலித் தலைவரை உட்கார விடவில்லை. அப்படிப்பட்ட ஊரின் ஆலமரத்தடியில் நம் பெண்கள் எழுந்து எதைக் கேட்பார்கள்? கூட்டம் சேரியில் நடக்க வேண்டும். நாற்காலியும் நம் தெருவில் போட வேண்டும்.

கேட்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, அறிக்கையின் வரைவு தமிழில் வர வேண்டும். சேரியில் வாசித்து, மறுப்பையும் சேர்த்து எழுதிய பிறகே அது இறுதியாக வேண்டும். இரண்டு, மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுப்பதில் அந்த மக்களுக்கும் குரல் வேண்டும், மொழிபெயர்ப்பவர் அந்த நிறுவனத்தின் ஆளாக இருக்கவே கூடாது. மூன்று, திட்டம் முடிந்து மூன்று வருடம் கழித்து, அய்ந்து வருடம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்க்க வேண்டும், அதற்குத் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும். நான்கு, சாதிவாரி, பால்வாரிக் கணக்கு வேண்டும். பயனாளிக்கு மட்டுமல்ல, ஊழியர் சம்பளப் பட்டியலுக்கும் சேர்த்து. அய்ந்து, ஒரு குறையைச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தை மூடக் கூடாது. குறை சொன்னால் நிதி நிற்காது என்ற உறுதியைக் கொடையாளி எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த அய்ந்தாவது இல்லாவிட்டால் முதல் நான்கும் வீண். அந்தப் பாட்டி வாயைத் திறக்காது.

நிறுவனங்களில் இருக்கிற தோழர்களே, இதை உங்கள் இயக்குநரிடம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வேலைக்குச் சிக்கல் வரலாம், தெரிந்துதான் சொல்கிறேன். ஒருத்தர் தனியாகக் கேட்டால் வெளியே அனுப்புவார்கள். மாவட்டத்தில் இருக்கிற களப்பணியாளர்கள் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். எங்களுக்குச் சங்கம் இருக்கிறதால்தான் நான் இங்கே நின்று பேச முடிகிறது. உங்களுக்கு அது ஏன் இல்லை என்பதும் ஒரு மதிப்பீட்டுக் கேள்விதான்.

மாணவர்களே, நீங்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். அரசுப் பணம் போன இடத்துக்குத் தகவல் உரிமை மனுப் போடுங்கள். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தை 2021இல் சமக்ர சிக்ஷாவோடு சேர்த்துவிட்டார்கள், தனித் திட்டமாக அது இப்போது இல்லை. பழைய பதிவேடுகள் கரையான் அரிக்குமுன் கேட்டு வாங்குங்கள். ஒரு கிராமம், ஒரு திட்டம், ஒரு பதிவேடு போதும். அதில் உள்ள பெயர்களை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போங்கள். இந்தப் பிள்ளை இப்போது எங்கே, என்ன வேலை, என்ன கூலி, உயிரோடு இருக்கிறதா? கேட்டதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, அந்தத் தெருவிலேயே நின்று வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தம்தான் உங்கள் அறிக்கை.

சிவகாசிப் பக்கம் இரண்டு கிராமத்தில் தொடங்கலாம் என்று சில தோழர்கள் பேசி வைத்திருக்கிறோம். எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமையும் லீவு. கூட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.